தோற்றுப்போன வரி

மதியம் 2.10.

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தின் இயக்குநர் கையில் ஒரு துண்டுச் சீட்டு. காலையில் அளவைக் கருவி அச்சடித்துக் கொடுத்தது. பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு ஈயம் 0.08 மில்லிகிராம். 0.01-ஐத் தாண்டினாலே ஆபத்து. எதிரே கணினித் திரையில் அதே பள்ளி, அதே குழாய். ஈயம் 0.008.

சர்வர் பதிவைத் திறந்து பார்த்தார். கறுப்புத் திரையில் யார் என்ன கட்டளை தட்டினாலும் நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவு அது. 12.42-க்கு ஒரே வரியில் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். லாகின், சர்வரைக் கட்டி மேய்க்கும் பெண்மணியுடையது. அங்கே எல்லோருக்கும் அவர் சர்வர் அக்கா.

2.50. சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் லேப்டாப்போடு வந்தார். ஸ்டேஷனில் அவருக்குச் சல்லடை என்று பெயர். யாரையும் நம்ப மாட்டார். காபி கொடுத்தவரையே இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"நாலு மணிக்கு அந்தம்மாவோட சஸ்பென்ஷன்ல கையெழுத்துப் போடப் போறேன்" என்றார் இயக்குநர்.

"இன்னும் நேரம் இருக்கு சார். சர்வர் ரூமுக்கு யார் யார் வருவாங்க?"

"மூணு பேர்தான். அக்கா, ரிப்போர்ட் எழுதுறவர், துணை இயக்குநர்."

"முழுப் பதிவையும் காட்டுங்க. மாத்தின வரி மட்டும் போதாது."

12.41-க்கு இன்னொரு வரி இருந்தது. அதே கட்டளைதான். நடுவில், உள்ளே எதுவுமே இல்லாத இரண்டு மேற்கோள் குறிகள் மட்டும் கூடுதல்.

"அது எரர் வந்த வரி. ஒண்ணையும் மாத்தலை. அதனால விட்டுட்டேன்" என்றார் இயக்குநர். சல்லடை இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

3.05. சர்வர் அக்கா.

"12.42-க்கு எங்க இருந்தீங்க?"

"படிக்கட்டுல. பொண்ணுக்கு வயித்து வலின்னு ஸ்கூல்ல இருந்து போன்."

"எந்த ஸ்கூல்?"

"அந்தச் சீட்டுல இருக்கிற ஸ்கூல்தான் மேடம்."

"ஸ்கிரீனைப் பூட்டினீங்களா?"

"பதறிப்போய் எழுந்தேன். பூட்டலை."

"போன் பேசிக்கிட்டே ஒரு வரி தட்டலாமே."

அக்காவின் கண் கலங்கியது. "என்னை வேணும்னா வேலையை விட்டுத் தூக்குங்க. முதல்ல அந்தக் குழாயை மூடச் சொல்லுங்க."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "எந்த எண் சரின்னு தெரியாம எப்படிச் சொல்றது? கருவியிலதான் கோளாறுன்னு துணை இயக்குநர் அடிச்சுச் சொல்றார்."

சல்லடை தன் லேப்டாப்பைத் திருப்பினார். அதுவும் சர்வரைப் போல லினக்ஸ். "இந்த ஃபைல்ல 'காலை'ன்னு வர்ற இடமெல்லாம் 'மாலை'ன்னு மாத்துங்க. கறுப்பு ஸ்கிரீன்லயே."

அக்கா ஒரு வரி தட்டினார். ஒரே தடவை. மாறிவிட்டது. இவ்வளவு லாவகம் அந்த நேரத்தில் அக்காவுக்கே எதிராக நின்றது.

"வீட்ல என்ன கம்ப்யூட்டர்?"

"பழைய லினக்ஸ்தான். வேற எதுலயும் கை வெச்சதில்லை."

3.20. துணை இயக்குநர் அறை. மேசையில் பளபளக்கும் மேக். பக்கத்தில் போன் அதிர்ந்தது. திரையில் 'மச்சான்'. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தனியா."

"கட்டளை தட்டத் தெரியுமா?"

"வருஷக்கணக்கா இதுல தட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா சர்வர் பக்கம் போறதில்லை. லாகின் யாரோடதுன்னு தெரிஞ்ச பிறகும் என்னங்க விசாரணை?"

3.40. எல்லோரையும் சர்வர் அறைக்கு வரச் சொன்னார் சல்லடை. போன வாரம்தான் அக்காவோடு சண்டை போட்ட ரிப்போர்ட்காரரை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து அதே வேலையைக் கொடுத்தார். பிறவி விண்டோஸ் ஆள். திரையைத் துடைக்க விண்டோஸ் கட்டளையைத் தட்டினார். அப்படி ஒன்று இல்லை என்றது லினக்ஸ். மனிதர் பேய்முழி முழித்தார்.

"இதுல நோட்பேட் எங்க மேடம் இருக்கு?"

துணை இயக்குநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தள்ளுங்க சார். அந்தம்மாவுக்கு இது எவ்வளவு சுலபம்னு நான் காட்டறேன்."

தட்டினார். எரர். 'ச்சே' என்று இரண்டு குறிகளை அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மாறிவிட்டது. பெருமையாக நிமிர்ந்தார்.

சல்லடை பையிலிருந்த தாளைப் பிரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அங்கேயும் இங்கேயும் இரண்டு வரி. முதல் வரியில் வெறும் மேற்கோள் குறிகள். இரண்டாவதில் இல்லை.

"மேக்கும் லினக்ஸும் பங்காளிங்க மாதிரி. கட்டளை பேரு ஒண்ணு, குணம் வேற. ஃபைலை மாத்தும்போது பழைய காப்பிக்கு என்ன பேருன்னு மேக் கேட்கும். காப்பி வேண்டாம்னா வெறும் மேற்கோள் போடணும். அதையே லினக்ஸ்ல போட்டா எரர். அக்கா கை அதைப் போடாது. ரிப்போர்ட் சாருக்குக் கட்டளையே தெரியாது. தோத்துப்போன வரிதானேன்னு நீங்க அழிக்காம விட்டுட்டீங்க."

"மேக் வெச்சிருக்கிறவன் ஊர்ல ஆயிரம் பேர்!"

"இந்த ரூமுக்கு வர்றது மூணு பேர்."

துணை இயக்குநர் கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. 'மச்சான்'.

"யார் சார் இந்த மச்சான்?"

துணை இயக்குநர் போனைப் பைக்குள் திணித்தார். இயக்குநர்தான் மெதுவாகச் சொன்னார். "இவர் மனைவியோட தம்பி. அந்த ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கிற ஈய பேட்டரி தொழிற்சாலை அவனோடதுதான்."

துணை இயக்குநர் நாற்காலியில் சரிந்தார். "கழிவுத் தண்ணியைச் சரி பண்ண ஒரு மாசம் டைம் வாங்கிக் கொடுங்கன்னு கால்ல விழுந்தான். நானே பள்ளிக்கூடத்துக்குக் கெடுதல் நினைப்பேனா?"

"நினைக்கலை. தட்டினீங்க" என்றார் சல்லடை.

3.58. இயக்குநர் சஸ்பென்ஷன் உத்தரவைக் கிழித்துப்போட்டு, மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். சர்வர் அக்காவைக் காணவில்லை.

படிக்கட்டில் குரல் கேட்டது.

"ஹெட்மாஸ்டர் சாரா? பொண்ணு விஷயமா இல்லை சார். எல்லாக் குழாயையும் மூடுங்க. முதல்ல மூடுங்க, காரணம் அப்புறம் சொல்றேன். நான் லைன்லயே இருக்கேன்."