கூடைக்குள் ஒரு வாத்து

செந்தூர்பாண்டி சித்தப்பா காலையிலேயே ஒரு வாத்தோடு வந்துவிட்டார். அதன் கால்களைப் பனைநாரால் கட்டி, முற்றத்தில் கூடையால் கவிழ்த்தார்.

"மத்தியானம் துறைமுகத்துல இருந்து என் சேக்காளிங்க வாராங்க. வாத்துக் குழம்புதான்!"

அறுவடை முடிந்த வயலில் மந்தை வாத்துகளை மேய்க்க ஆட்கள் வருவார்கள். மந்தை கிளம்பும்போது ஒன்றிரண்டு வழி தப்பிக் குளத்தில் தங்கிவிடும். அவை பிடித்தவருக்கே சொந்தம். ஊர் வழக்கம் அப்படி.

பத்து வயது ஜெயபிரியா கூடை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். வாத்தின் அலகு நுனி மஞ்சளில் தோய்த்ததுபோல இருந்தது.

அவளுக்குப் பகீரென்றது. போன வாரம் பள்ளிக்கு வந்த வனத்துறை அக்கா காட்டிய படத்தில் இதே மூக்குதான்! புள்ளிமூக்கு வாத்து. காட்டுப் பறவை. பிடித்தால் ஜெயில் என்றும் அந்த அக்கா சொன்னார்.

ஐயோ, வாத்தும் போகும், சித்தப்பாவும் போவாரே!

"சித்தப்பா, இது மந்தை வாத்து இல்ல."

"ஏளா, நான் பார்க்காத வாத்தா? போய்ப் படி."

சித்தப்பா கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். உள்ளே அம்மா மிக்சியில் மசாலா அரைத்தாள். அழுதால் சித்தப்பா சிரிப்பார். வாதாடினால் காதைத் திருகுவார்.

"சித்தப்பா, மந்தை வாத்து பறக்குமா?"

"அது எங்கன பறக்க? வேலி தாண்டவே மூச்சு வாங்குமே."

"அப்போ கட்டை அவுத்து விடுங்க. பறக்கலன்னா நானே புடிச்சுத் தாரேன்."

"சரி, பாத்துருவோம்!"

சித்தப்பா கூடையைத் தூக்கினார். கட்டு அவிழ்ந்தது. வாத்து இரண்டடி நடந்தது. நின்றது. வாலை ஆட்டியது.

"பாத்தியா?" சித்தப்பா கையை நீட்டினார்.

பறந்திரு, பறந்திரு என்று ஜெயபிரியா மனசுக்குள் கெஞ்சினாள்.

சடாரென்று இறக்கை விரிந்தது. வேலியைத் தாண்டி, தென்னையைத் தாண்டி, வாத்து குளத்துப் பக்கம் பறந்தே போனது.

சித்தப்பா வாய் பிளந்து நின்றார். கையில் பனைநார் மட்டும் இருந்தது. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! காட்டு வாத்தைப் புடிச்சா ஜெயிலுல்லா! குளத்துல இன்னும் நாலு கெடக்குன்னு பக்கத்து வீட்டுச் சுடலைக்கண்ணன வலை போடச் சொன்னேனே!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தை நோக்கி ஓடினார். "ஏலே சுடலைக்கண்ணா, வலையைச் சுருட்டுலே! அது பறக்குதுலே!"

நல்லவேளை, வலையில் ஒன்றும் சிக்கியிருக்கவில்லை.

அன்று விருந்துக்கு முட்டைக் குழம்பு. எல்லாருக்கும் ஒரு முட்டை. ஜெயபிரியா இலையில் மட்டும் சித்தப்பா இரண்டு வைத்தார்.