குரலும் ஆடியது, கதையும் ஓடியது

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைப்பது அவள் வேலை. புத்தகங்களிடம் அவளுக்குப் பயமே இல்லை. மனிதர்களிடம்தான். தெரியாத ஒருவர் மணி கேட்டாலே போதும், குரல் நடுங்கி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தங்கைக்கு ஒன்பது வயது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் எல்லோருக்கும் அவள் 'சுண்டு'.

அந்தச் சனிக்கிழமை காலை, அக்கா போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள். பத்து மணிக்கு அவள் நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்க வேண்டும். வழக்கமாக வாசிப்பவர் ஊரில் இல்லை. நூலகர் இவளைக் கேட்டபோது, முடியாது என்று சொல்லக்கூட இவளுக்கு வாய் வரவில்லை.

"சுண்டு, நூலகருக்கு போன் பண்ணி எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடேன்."

சுண்டு அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"குரல் நடுங்கும்டி. எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் அக்கா.

சுண்டு யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அவள் அழுதபோது, மதியம்வரை ஜன்னலுக்கு வெளியே நின்றது இதே அக்காதான். 'அழாதே' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

"நடுங்கினா நடுங்கட்டும்க்கா. நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அக்கா போர்வையை விலக்கினாள். பிறகு எழுந்து தலை வாரினாள்.

நூலகத்தில் பதினைந்து குழந்தைகள். நிலாவைத் தொட ஆசைப்பட்ட ஓர் ஆட்டின் கதை. அக்கா ஒரு கையால் சுண்டுவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு முதல் வரியை வாசித்தாள். குரல் நடுங்கியது. புத்தகமும் நடுங்கியது.

முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "ஆட்டுக் கதைங்கிறதால உங்க குரலும் ஆடுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுண்டுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவை இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

அக்கா புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

"ஆமா. புது ஆளுங்க முன்னாடி பேசினா எனக்கு இப்படித்தான் ஆடும். ஆடிக்கிட்டே படிக்கறேன், பரவாயில்லையா?"

அந்தச் சிறுமி காலை நீட்டினாள். ஊசி போடும்போது தனக்குக் காலே ஆடும் என்று சொல்லி, ஆட்டியும் காட்டினாள். பிறகு, "சரி, படிங்க. ஆடு என்ன பண்ணிச்சு?" என்றாள்.

ஆடு கூரைமேல் ஏறியது. குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். குரல் நடுங்குவது நிற்கவில்லை, யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. பக்கம் புரட்டச் சட்டை நுனியை விட்ட அக்கா, மறுபடி அதைப் பிடிக்கவில்லை. சுண்டு சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பூனைபோல் எழுந்து புத்தக அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

கதை முடிந்ததும் அக்கா பக்கத்தில் பார்த்தாள். இடம் காலி.

"எப்ப எழுந்து போன நீ?" என்று தேடி வந்து கேட்டாள்.

திமிங்கிலப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சுண்டு சொன்னாள்: "ஆடு கூரைமேல ஏறினப்பவே போயிட்டேனே."

அக்கா கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஆடு கூரையேறியது மூன்றாம் பக்கத்தில். கதையோ முப்பது பக்கம்.