இம்ப்ரூவ்மெண்ட்

விடிந்ததும் வந்த அங்கம்மா, தம்பி பகலவனின் காதில் என்ன சொன்னாளோ, அவன் காப்பித் தம்ளரைத் தட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான். அவன் அழுது மனைவி மதி பார்த்ததே இல்லை. பின்னால் அங்கம்மா ரொட்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக நின்றாள்.

"பொண்ணுக்கு இன்னா சீக்கு? புருசங்கிட்ட சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

மதி திகைத்தாள். மகள் செங்கொடி சற்றுமுன்தான் எர்ணாவூரில் பஸ் ஏறியிருந்தாள், நுழைவுத் தேர்வு எழுத.

போன வருடம் மயிரிழையில் மருத்துவ இடம் போயிற்று. மார்க்கைக் கூட்ட மறுபடி எழுதுகிறேன், அதற்குப் பேர் இம்ப்ரூவ்மெண்ட் என்றாள். பகலவன் மறுத்துவிட்டான். பெயிலானவர்கள்தான் திரும்ப எழுதுவார்கள், பெண் பாஸென்று கம்பெனி முழுக்கச் சாக்லேட் கொடுத்தாகிவிட்டது, மானம் போகும் என்றான். தையல் வகுப்பென்று சொல்லி அவளை ராயபுரத்துக்குப் படிக்க அனுப்பியது மதிதான்.

தினமும் பெண் எங்கே போகிறாள் என்று போன வாரம் அங்கம்மா விசாரித்தாள். நாத்தனாரிடம் பொய் சொல்ல மதிக்கு வாய் வரவில்லை. இம்ப்ரூவ்மெண்ட்டுக்குப் போகிறாள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

அங்கம்மா அறிந்த இம்ப்ரூவ்மெண்ட் வேறு.

"எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்போ தெனம் அதத்தான் சொன்னாங்க. இம்ப்ரூவ்மெண்ட் கீதும்மா, இம்ப்ரூவ்மெண்ட் கீதும்மா... அப்பால துணியில சுத்திக் குடுத்தாங்க. எனக்குத் தெரியாதாமே அந்த வார்த்தை?"

பரீட்சை என்று மதி ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் வாசலில் பகலவனின் சைக்கிள் நின்றது. தேர்வு இன்னும் தொடங்கியிருக்காது. போய் இழுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

"எங்க அவ?"

"டெஸ்ட்டுக்குப் போயிருக்கா. மத்தியானம் வந்துருவா. அதுவரிக்கும் ஒண்ணும் கேக்காதய்யா."

அங்கம்மா மாரில் அடித்துக்கொண்டாள். சாகக் கிடக்கிற பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டுச் சோறு வடிக்கிறாளே, இவளும் ஒரு தாயா என்றாள். மதி கஞ்சியை வடித்தாள். கவனம் தப்பி, சூடாக விரலில் ஊற்றிக்கொண்டாள்.

பகலவன் கொடியில் கிடந்த மகளின் தாவணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டாக்டராவணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. எழுதட்டும்னு வுட்டுருக்கலாம்..."

மதி சட்டென்று திரும்பினாள். சொல்லிவிடலாமா? ஆனால் பயத்தில் வந்த வார்த்தை. பயம் போனதும் வார்த்தையும் போய்விட்டால்? அடுப்புப் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

வெயிலில் வியர்த்து வந்த செங்கொடியைப் பகலவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"டெஸ்ட்டுல இன்னா கண்ணு சொன்னாங்க?"

"பிசிக்ஸ்தாம்பா கொஞ்சம் பேஜாரு. கெமிஸ்ட்ரி நல்லா..."

பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மூவரும் மதியையே பார்த்தார்கள்.

"அப்போ சீக்கு இல்லியா?" என்றாள் அங்கம்மா. மதி இல்லையென்று தலையசைத்ததும் செங்கொடியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பகலவன் மனைவியின் விரல் கொப்புளத்தை அப்போதுதான் கவனித்தான்.

"காலைலேர்ந்து இவ்ளோ பேச்சு வாங்கினியே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா சைக்கிள எடுத்திருப்பே."

அவன் மகள் பக்கம் திரும்பி, நாளைக்கும் பரீட்சை இருக்கிறதா என்று கேட்டான். பயாலஜி என்றாள். எழுந்துபோய் சைக்கிளுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தான்.

"நானே கொண்டுபோய் வுடுறேன். எவன் கேட்டாலும் இம்ப்ரூவ்மெண்ட்னு சொல்லிக்கிறேன்."

"அந்த வார்த்தை மட்டும் என் எதுருல வாணாம்டா" என்றாள் அங்கம்மா. ஹார்லிக்ஸைக் கலக்கி ஆற்றியவள், அதைச் செங்கொடியிடம் தரவில்லை. மதியின் முன்னால் வைத்தாள்.

"குடிமே. நீ காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல."

அப்போதுதான் மதிக்கு அழுகை வந்தது.