முட்டை போன வழி

"ஞானம்மா, கூடையைத் திறந்து காட்டுங்க!"

ஞானத்தாயிடம் அப்படிக் கேட்கவே கூடாது என்று அம்மா மூன்று முறை சொல்லியிருந்தார். நிமியா கேட்டேவிட்டாள்.

வீட்டில் நான்கு கோழிகள் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தினமும் மூன்று, நான்கு முட்டைகள் கிடைத்தன. திங்கள்கிழமையிலிருந்து ஒன்றுதான், இரண்டுதான். "அந்தப் புள்ளிக்காரிதான் முட்டை போடறதில்ல. ஞாயித்துக்கிழமை சூப்பு வெச்சிடறேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். புள்ளிக்காரியோ நிமியாவின் செல்லம்.

அதே திங்கள்கிழமையிலிருந்துதான் பக்கத்து வீட்டு தெயோதோரா ஞானம்மா, துணி மூடிய கூடையோடு காலையில் கோழிக்கூட்டுப் பக்கம் வந்து போகிறார். சந்தேகம் வராமல் இருக்குமா?

"என்னைத் திருடின்னு நெனச்சியாடி?"

"ஆமா."

"அடி கழுதை! ஞானஸ்நானத்துல உன்னைத் தூக்கி வெச்சிருந்த கைடி இது!"

"கை வேணாம். கூடையைக் காட்டுங்க."

துணி விலகியது. உள்ளே முட்டை ஓடுகள்!

"முட்டை எங்கே?"

"சிபா ரொட்டி மாவுல. எங்க வீட்டு முட்டைடி! ஓடு தின்னா கோழிக்கு நல்லதுன்னு கொண்டாந்து போடறேன்."

நிமியா குனிந்து பார்த்தாள். ஓடுகள் எல்லாம் வெள்ளை. தன் வீட்டு முட்டைகளோ பழுப்பு. அவளுக்குக் காது சூடானது.

ஞானம்மா ஓடுகளை வீசினார். புள்ளிக்காரி பாய்ந்து வந்து, பாதி ஓட்டில் ஒட்டியிருந்த வெள்ளைக்கருவை ருசித்துக் கொத்தியது. பிறகு நேராகக் கூட்டுக்குள் போனது.

டொக்! டொக்!

நிமியா எட்டிப் பார்த்தாள். பழுப்பு முட்டையில் ஓட்டை. புள்ளிக்காரியின் அலகில் மஞ்சள் கரு வழிந்தது.

"அய்யய்யோ, நாந்தான் பழக்கிவிட்டேனா?" என்றார் ஞானம்மா.

சமையலறை ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. "முட்டை தின்ற கோழி திருந்தாது. ஞாயித்துக்கிழமை எதுக்கு? இப்பவே தண்ணி கொதிக்க வைக்கிறேன்!"

நிமியா புள்ளிக்காரியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க ஞானம்மா. இனிமே ஓட்டைப் பொடியா இடிச்சுப் போடுங்க. முட்டைன்னு அதுக்குத் தெரியவே கூடாது."

"நீ எங்கடி கிளம்பிட்டே?"

"ஓடைக்கு. முட்டை மாதிரி பழுப்புக் கல்லு பொறுக்கிட்டு வந்து கூட்டுல வெப்பேன். கொத்திக் கொத்தி அலகு வலிக்கட்டும்."

"உங்கம்மா தண்ணி கொதிக்க வைக்கிறாளே!"

"அதுல மாத்தே டீ போட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

வாசல் படலைக் காலால் தள்ளிவிட்டு, நிமியா நடந்தாள்.