தரையில் வைத்த விளக்கு

வீட்டுக்குள் நுழைந்த முதல் நிமிடத்திலேயே குஸ்னாதி விளக்கை உதைத்துவிட்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை. தோளில் பை, இடுப்பில் ஐந்து வயது மகள் லிந்தாங், வாயில் அவளைச் சிரிக்கவைக்க ஆரம்பித்திருந்த ஒரு குரங்குக் கதை. இத்தனையோடு படி தாண்டுகிறவன் காலடியில் ஒரு விளக்கை எதிர்பார்ப்பானா? கண்ணாடிகூட இல்லாத சின்னத் தகர விளக்கு. கதவுக்கு உட்புறம், வெறும் சிமெண்டுத் தரையில், பட்டப்பகல் மூன்று மணிக்கு எரிந்துகொண்டிருந்தது. உருண்டு, மண்ணெண்ணெயைக் கக்கிவிட்டு அணைந்தது.

"உடைச்சிட்டியாப்பா?"

"உடைக்கலடி. தூக்கம் வந்து படுத்துக்கிச்சு."

வீட்டுக்காரர் கியாந்தோ, ஊர் மரியாதைப்படி 'பாக்' கியாந்தோ, சமையலறையில் தேநீர் கலக்கும் சத்தம் கேட்டது. அவர் வருவதற்குள் குஸ்னாதி கைக்குட்டையால் தரையைத் துடைத்தான், லைட்டரால் திரியைப் பற்றவைத்தான், விளக்கைச் சுவரில் உயரமாக இருந்த பலகைமேல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். குழந்தை காலும் சுடாது, விளக்குக்கும் ஒரு மரியாதை. எண்ணெய் சிந்திய இடத்தைத் திறந்த கதவு மறைத்துக்கொண்டது. வாழ்க்கையில் எப்போதாவதுதான் தன் மூளை இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

மற்ற நேரங்களில் அது வேலை செய்த லட்சணத்தை வுலாந்தாரியிடம் கேட்டால் தெரியும். மனைவி. இன்னும் சட்டப்படி மனைவி. எட்டு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். இன்று காலை செமாராங் நகரில் லிந்தாங்கை அவன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டு, சிவப்பு ஜாக்கெட்டின் முயல் காது வைத்த தொப்பியை இழுத்து மூடிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு நாள். எப்படி கூட்டிட்டுப் போறியோ அப்படியே கொண்டு வந்து விடணும். ஒரு கீறல் இருந்துச்சு, அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது."

அதற்காகத்தான் இந்த எரிமலை மேட்டுக்கு வந்தான். கொதிக்கும் சேறு, பச்சைநிற ஏரி, வறுத்த சோளம். குழந்தை ஒரு வருடம் மறக்காது. செல்போன் பழுதுபார்க்கிறவனின் சட்டைப்பைக்கு ஏற்றபடி, பட்டியலின் கடைசியில் இருந்த அறையைத் தேடிப்பிடித்து, அதையும் ஒரு ஆளுக்கு மட்டும் என்று எழுதிப் பதிவுசெய்திருந்தான்.

தேநீரோடு வந்த பாக் கியாந்தோ குழந்தையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாற்பது வயது இருக்கும். உருளைக்கிழங்கு மண் ஏறிய விரல்கள்.

"குழந்தையும் வருதுன்னு நீங்க எழுதலையே, தம்பி."

"கணக்குல சேராத அளவுக்குச் சின்னதுதான் பாக். வேணும்னா பைக்குள்ள போட்டு மூடிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. "கட்டிலை விட்டு எறங்க விடாதீங்க."

"ஏன், தேள் கீள் வருமா?"

"தேநீர் ஆறுது, குடிங்க."

குஸ்னாதிக்கு இந்தப் பாஷை தெரியும். முகத்துக்கு நேரே கெட்ட செய்தி சொல்வது ஜாவாப் பக்கத்தில் மரியாதை இல்லை. கடையில் செத்துப்போன போனைக் கொண்டுவந்து கேட்பவர்களிடம் அவனும் "இந்த வாரம் மழை ஜாஸ்தி, இல்ல?" என்றுதான் சொல்வான்.

ஆனாலும் வீடு விநோதமாக இருந்தது. கட்டில் அவன் மார்பு உயரம், ஏறுவதற்கு மூன்று படி வைத்த ஏணி. நாற்காலிகளுக்கெல்லாம் கொக்குக் கால்கள். விருந்தாளி வந்தால் தரையில் பாய் விரித்து உட்காரவைக்காத ஜாவா வீட்டை அவன் பார்த்ததே இல்லை. இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பாய். இரண்டு படி இறங்கிப் போகும் சமையலறையின் மூலையில், ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு. அதன்மேல் ஒரு தட்டில் சோறு, ஒரு துண்டு தெம்பே என்ற சோயா வறுவல்.

"யாருக்கு பாக் அது?"

"மழை விட்டுடும்னு நெனைக்கிறேன்." அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார். "மேல வயலுக்குப் போறேன். விளக்கைப் பாத்துக்குங்க."

குஸ்னாதி அவசரமாகத் தலையாட்டினான். மனுஷர் மண்ணெண்ணெய் வாசனையைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது.

நான்கு மணிக்கு மூடுபனி இறங்கியது. மலைச்சரிவிலிருந்து இறங்கி, முட்டைக்கோஸ் பாத்திகளை விழுங்கி, எதிர்வீட்டை விழுங்கி, ஜன்னல் கம்பியில் வந்து நின்றுகொண்டது. காற்று துளியும் இல்லை. கொடியில் தொங்கிய ஈரத்துணி ஆணி அடித்ததுபோல் அசையாமல் இருந்தது. வரும்போது காதைத் துளைத்த தவளைகள் ஒவ்வொன்றாக வாயை மூடின, பள்ளத்தில் இருந்தவை முதலில், பிறகு ஓடையோரம், பிறகு கிணற்றடி. கோழிகள் பொழுது சாயுமுன்பே உத்தரத்தில் ஏறி, சிறகோடு சிறகு ஒட்டிக்கொண்டு கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அந்தப் பாப்பா ஏன்ப்பா எந்திரிக்கவே மாட்டேங்குது?" கட்டிலில் குப்புறப் படுத்திருந்த லிந்தாங் கேட்டாள்.

"எந்தப் பாப்பா?"

"சமையலறையில. நீ வண்டிகிட்ட போனப்ப பாத்தேன். ரொம்பக் குளிருதாம். என் ஜாக்கெட்டைக் கொடுத்துட்டேன்."

குஸ்னாதியின் மனசில் முதலில் வந்து நின்றது பயமல்ல, வுலாந்தாரி. அந்த ஜாக்கெட் அவள் வாங்கியது. எழுந்துபோய்ச் சமையலறைப் படியிலிருந்து எட்டிப்பார்த்தான். பாய் காலி. தட்டில் சோறு அப்படியே. ஜாக்கெட் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும், காலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பினான். பக்கத்து வீட்டில் விளக்கு இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை.

மகளுக்குச் சோளம் சுட்டுக்கொடுக்கலாம் என்று கரி அடுப்பைத் தரையில் வைத்துப் பற்றவைத்தான். கரி சிவந்தது, கறுத்தது. மறுபடி குனிந்தான். லைட்டர் பொறி தட்டியது, பிடிக்கவில்லை. நிமிர்ந்து தட்டினான். அழகாக எரிந்தது. குனிந்தான். அணைந்தது.

"அப்பனுக்கு ஏத்த லைட்டர்," என்றான் சத்தமாக. "நெஞ்சை நிமித்தினாத்தான் வேலை செய்யும்."

லிந்தாங் சிரிக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.

தரையில் ஏதோ பொடிபோல் கிடந்தது. உற்றுப் பார்த்தான். கொசுக்கள். ஒன்றிரண்டல்ல, சுவரோரமெல்லாம் கொசுக்கள், நடுவே இரண்டு விட்டில்கள், மல்லாந்து. அவனுக்குத் தலை கனத்தது. கால்கள் வேறு யாருடையதோ போலிருந்தன. மலைமேல் வண்டி ஓட்டிய அலுப்பு. பலகைமேல் விளக்கு ஆடாமல் அசையாமல் முதல் பெஞ்சு மாணவன்போல நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்துக்கொண்டாயிற்று. ஐந்து நிமிடம் சாயலாம் என்று மகளுக்குப் பக்கத்தில் ஏறிப் படுத்தான்.

விழித்தபோது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடியும் தறுவாயில் இருந்தது. மேட்டுத் தொழுகைக்கூடத்தின் ஒலிபெருக்கி, பஞ்சுக்குள் இருந்து வருவதுபோல. அறையில் சாம்பல்நிற வெளிச்சம். மண்டைக்குள் சம்மட்டி.

பக்கத்தில் கையை நீட்டினான்.

இல்லை.

"லிந்தாங்?"

சமையலறையில் ஏதோ உருண்டது. கட்டிலிலிருந்து குதித்தான், சுவரைப் பிடித்து நிமிர்ந்தான். பலகையிலிருந்து விளக்கை எடுத்துக்கொண்டான். படியருகே போனான்.

மூலைப் பாயில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு ஜாக்கெட். இரண்டு முயல் காதுகள். ஒரு உருளைக்கிழங்கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருட்டினாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்.

"அப்பாவுக்கு உயிரே போயிடுச்சுடி. வா மேல."

முதல் படியில் கால் வைத்து விளக்கைத் தாழ்த்தினான். சுடர் சுருங்கியது. திரியிலிருந்து கழன்று ஒரு கணம் தனியாக மிதந்தது. அணைந்தது.

நிமிர்ந்து லைட்டரைத் தட்டினான். பற்றியது. தாழ்த்தினான். அதே உயரம். முழங்காலுக்குச் சற்று மேலே, தண்ணீரில் முக்கியதுபோல, அணைந்தது.

அப்போது புரிந்தது. தரை விளக்கு. கொக்குக் கால்கள். உத்தரத்துக் கோழிகள். மலை தன் மூச்சைப் பள்ளத்தில் விட்டிருக்கிறது. நிறமில்லாத, வாசனையில்லாத, கனத்த விஷவாயு மூச்சு. தரையில் இருந்திருந்தால் விளக்கு எப்போதோ அணைந்து சொல்லியிருக்கும். அவன்தான் அதைத் தூக்கி உயரத்தில் வைத்து, பொய் சொல்லப் பழக்கியிருந்தான்.

அந்த மூச்சின் அடியில் உட்கார்ந்து அவன் மகள் உருளைக்கிழங்கு உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான். இரண்டாம் படி.

"தம்பி! எறங்காதீங்க!"

சமையலறை ஜன்னலில் டார்ச் வெளிச்சம். ஈரத்துணி கட்டிய முகம். பாக் கியாந்தோ.

"என் பொண்ணு கீழ இருக்கா!"

"உங்க பொண்ணு மேல தொழுகைக்கூடத்துல இருக்கா. நான்தான் தூக்கிட்டுப் போனேன். வாசல்ல விளக்கைக் காணோம்னு ஓடி வந்தேன், உங்களை எவ்வளவு உலுக்கினேன், நீங்க எந்திரிக்கல. ரெண்டு பேரைத் தூக்க என்னால முடியல, அவளை முதல்ல விட்டுட்டு வரேன். கேளுங்க, காதைக் கொடுத்துக் கேளுங்க!"

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ ஒலிவாங்கியைச் சிறு கையில் கொடுத்திருக்க வேண்டும். மலை முழுக்க ஒரு தேம்பல் நிறைந்தது.

"அப்பா... அப்பா, வா... எனக்கு இங்க யாரையும் தெரியாது..."

அவள்தான். அந்த மூக்குறிஞ்சல் அவளுடையதுதான். இருக்கிறாள். மூச்சு விடுகிறாள்.

பாயில் உருளைக்கிழங்கு நின்றது.

"பாக்," என்றான். "அப்ப இது யாரு?"

தேநீர் என்பார், மழை என்பார் என்று காத்திருந்தான். இந்த ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. டார்ச் வெளிச்சம் பாய்மேல் போய் நின்றது.

"என் மக," என்றார் பாக் கியாந்தோ. "இதே பாயில, இதே மாதிரி ஒரு சாயங்காலம். ஆறு வருஷமாச்சு. விளக்கு அணைஞ்சதை நான் கவனிக்கல. அவ பேசினா பதில் சொல்லாதீங்க தம்பி. உக்காரச் சொன்னா உக்காராதீங்க."

முயல் காதுகள் மெல்லத் திரும்பத் தொடங்கின. சிவப்பு ஜாக்கெட்டின் கையிலிருந்து ஒரு சின்ன உள்ளங்கை வெளியே வந்து, பாயில் தனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தட்டியது.