முப்பதுகளில் தொலைந்த ஐஸ்

12 நவம்பர் 2024, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னது என்றுதான் மாலை வரை நினைத்திருந்தேன். காசிமேட்டில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில், போன வாரம் படகுகளுக்குப் போன ஒன்பது லோடுக்குக் கம்ப்யூட்டரில் பதிவு இல்லை. முதலாளி காஜா மொய்தீன் பாய் கேட்டதும், ஒன்பதும் லோடு பதியும் தஸ்னீமின் டூட்டியில் போனவை என்றேன். உண்மைதான். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. திருட்டு ஐஸ் என்று பாய் முடிவு கட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

மாலை 5:10. படகுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட சீட்டுக்கட்டை தஸ்னீம் என் மேஜையில் வைத்தாள். ஒன்பது சீட்டும் இருந்தன. திருடுகிறவள் சீட்டைப் பத்திரப்படுத்துவாளா?

"எல்லாம் பதிஞ்சேன் செங்கொடி. நிமிசம்கூட கரெக்டா போட்டுக்கீறேன்," என்றாள்.

5:25. இன்னொரு டூட்டிக்காரர் வெள்ளத்துரை. அவர் பதிவு ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. நேரம் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"நாலு மணி, அஞ்சு மணி, அவ்ளோதான். நிமிசம் பாக்க நான் இன்னா ரயிலா வுட்றேன்?"

6:40. வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் பாடம் காதில் ஏறவில்லை. கடைசி பெஞ்சில் சீட்டுகளை அடுக்கினேன். 4:32, 5:35, 4:30. அவளுடைய 4:20 பதிவாகியிருக்கிறது, 5:45-ம் இருக்கிறது. தொலைந்தவை ஒன்பதும் முப்பதுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையே.

ஆள் அகப்பட்டாயிற்று. நான்தான்.

பதிவு புரோகிராம் நான் எழுதியது. டேட்டாபேஸுக்குப் போகும் வரியில் :1, :2, :3 என்று மூன்று இடம் விட்டிருந்தேன்: படகு எண், நேரம், ஐஸ் பார் எண்ணிக்கை. புரோகிராம் ஒவ்வொன்றாக வரி முழுக்கத் தேடி நிரப்பும். 4:32 உட்கார்ந்த பிறகு :3-ஐத் தேடியபோது, நேரத்துக்குள்ளேயே ஒரு :3 இருந்தது. அங்கேயும் 40 பாரைச் செருகி 4402 ஆக்கிவிட்டது. அப்படி ஒரு நேரம் கிடையாது என்று டேட்டாபேஸ் தள்ளிவிட்டது. தள்ளியதை யாருக்கும் காட்டாதே என்று எழுதியதும் நானே. நிமிடம் பார்க்காதவர் தப்பினார். பார்த்தவள் மாட்டினாள்.

7:50. பாய் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். தஸ்னீமுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்த பாய்கிட்ட சொல்லு. எங்கிட்ட இன்னாத்துக்கு?"

நாளை: காலை 6:30-க்கு பாய் ஷட்டர் தூக்கும்போது அங்கே நிற்க வேண்டும். வெள்ளத்துரை எதிரிலேயே சொல்ல வேண்டும். பிறகு, நிரப்புவதற்கு முன்பே வரியைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருப்பது, அதில் :3 வந்தாலும், ஒரே துண்டு; நிரப்பும் இடமல்ல. நான் விட்ட மூன்று இடம் மட்டுமே நிரம்ப வேண்டும், நிரம்பியதை மறுபடி தொடக்கூடாது. ஒன்பது சீட்டையும் என் கையால் பதிய வேண்டும். முதல் சீட்டு, 4:32.