மூன்றாவது டிரைவ்

இரண்டு டிரைவ்கள்தான் இருக்க வேண்டும். திரை மூன்றைக் காட்டியது.

அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சாப்பாட்டு மேசையில், விரித்த துண்டின் மேல் தம்பியின் கேம் கம்ப்யூட்டர் கிடந்தது. இரு கைக்குள் அடங்குகிற சின்ன மெஷின். விபத்தில் அவன் போன பிறகு அதற்கு சார்ஜ் போட்டு வைத்தவள் அவள்தான். சில நாட்களாக அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. மெஷினை இயக்குகிற ஓ.எஸ். கெட்டுவிட்டது, புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார் கணவர். ஓ.எஸ்.ஸை ஒரு கார்டில் ஏற்றி, கார்டை ரீடரில் செருகி, மெஷினில் மாட்டச் சொல்லி அவரே கையில் கொடுத்தார். தம்பியின் மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னார்.

அந்தக் கார்டில்தான் அவன் குரல் இருந்தது. விளையாடிக்கொண்டே பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது. "அக்கா, அத்தான் கையில இதைக் குடுக்காதே. ரேஸ் ஓட்டச் சொன்னா காரைப் பார்க்கிங் பண்றார்." பிறகு அவன் சிரிப்பு. வேறு எங்கும் அவன் குரல் இல்லை.

முதல் டிரைவ் மெஷினுக்குள் இருப்பது. இரண்டாவது, ரீடரில் இருக்கும் கார்டு. மூன்றாவதற்குப் பெயர் இல்லை. மற்ற இரண்டையும் விடப் பல மடங்கு பெரியது. ஏறக்குறைய நிறைந்திருந்தது.

புது ஓ.எஸ். போட ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும், அதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்றது திரை.

சந்தேகம் வந்து ரீடரைத் திருப்பிப் பார்த்தாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த கார்டின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. தொலைந்துவிடக் கூடாதென்று அவளே வைத்தது. ஓ.எஸ்.ஸை ஒரு கார்டில் ஏற்றினால் முதலில் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

"என்னங்க, இது தம்பி கார்டு."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ஆமா."

"வேற கார்டு இல்லையா?"

"இருந்துச்சு." குழாய் மட்டும் ஓடியது. "தினமும் சாயங்காலம் அந்தக் குரலைப் போட்டுக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. நான் வீட்டுக்கு வர்றதுகூட உனக்குத் தெரியல. எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

பாத்திரங்கள் மறுபடி உருண்டன. தம்பி செத்த அன்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுத மனிதர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கார்டில் எதையாவது மீட்க முடியலாம், அதைத் தொடக்கூடாது. மெஷினுக்குள்ளும் அவனுடையது ஏதாவது மிச்சம் இருக்கலாம். மூன்றாவது யாருடையதோ. அவளையோ தம்பியையோ சேர்ந்ததில்லை. அதை அழுத்தினாள்.

மெஷினின் விசிறி சுற்றத் தொடங்கியது, பக்கத்துப் படுக்கையில் ஆழ்ந்து தூங்குகிறவரின் மூச்சைப் போல, இழுத்து, நிறுத்தி, விட்டு. சூடான தூசியின் வாடை எழுந்து, மேசையைத் தாண்டி, சமையலறைப் பக்கம் மெல்ல நகர்ந்தது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது.

அவர் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கு லீவு போடுகிறேன், உங்க அம்மாவைப் போய்ப் பார்க்கலாம், உனக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்றார். அப்புறம், உங்க அம்மாவை, என்றார். அப்புறம், உங்க.

"நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?"

அவள் கோபத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு பாதியைத் தாண்டியது.

ஒரு தட்டு விழுந்து உடைந்தது. வெகு நேரம் கழித்து, தணிந்த குரலில், "ஏங்க, உள்ள யாரு இருக்கீங்க?" என்று கேட்டார்.

அவளை அவர் இதுவரை 'ஏங்க' என்று கூப்பிட்டதில்லை.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். திரை அணையவில்லை. சார்ஜரைப் பிடுங்கினாள். கார்டை உருவினாள். கோடு ஊர்ந்தது. துண்டால் மூடினாள். துண்டுக்குள் பச்சை வெளிச்சம்.

விசிறி நின்றது.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வந்தார். கைகளில் நீர் சொட்டியது. நெற்றிச் சுருக்கங்களைக் காணோம். கழுவி வைத்த முகம். நாற்காலியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அதே பார்வையால் அவளையும் பார்த்தார்.

"என்னங்க."

அவளைத் தெரிந்த அடையாளம் அவர் முகத்தில் இல்லை.

எதிரே உட்கார்ந்தார். துண்டை விலக்கி மெஷினைக் கையில் எடுத்தார். மேசைக்கு மேலாக அவளுக்குத் திரை தெரிந்தது. அதே பட்டியல். மூன்றாவது டிரைவ் காலி.

அதன் கீழே நான்காவது.

பெயர் இல்லை. ஏறக்குறைய நிறைந்திருந்தது.

எழுந்து ஓட நினைத்தாள். எங்கே ஓடினாலும் அந்தப் பட்டியலில்தான் இருப்பாள். தம்பியின் சிரிப்பை நினைத்துக்கொண்டாள். இனி அது இருப்பது அவளிடம் மட்டும்தான். பற்களைக் கடித்து, கண்ணை மூடாமல், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவருடைய ஈரக் கட்டைவிரல் பட்டியலில் இறங்கியது. முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில் நிற்கவில்லை.